குழுவும் கிளைக்குழுவும்: புறோகிறசிவ் றொக் இசையிற் கூட்டுழைப்பின் அடிப்படைகள்

கலைப்படைப்பினைத் தனிமனித மேதைமையின் வெளிப்பாடாக மட்டும் காணும் நோக்கு, கூட்டு முயற்சியால் உருவாகும் கலைகளை ஆராயப் புகும்போது பெரிதும் இடர்ப்படுகின்றது. நாடகம், திரைப்படம் ஆகியன குறித்து இவ்வுண்மை ஓரளவு உணரப்பட்டுள்ளது. மேலைத்தேய வெகுசன இசை பற்றிய எழுத்துக்களிலோ தனிக் கலைஞரைப் போற்றும் போக்கே இன்றும் மேலோங்கி நிற்கின்றது. இந்நிலையில், புறோகிறசிவ் றொக் இசையிலும் அதன் வழிவந்த மெற்றல் இசையிலும் பரவலாகக் காணப்படும் ஒரு வழக்கத்தை நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம். ஒரு குழுவைச் சேர்ந்த கலைஞர், பெரும்பாலும் அக்குழுவை விட்டு நீங்காமலே, பிற குழுக்களின் கலைஞருடன் சேர்ந்து கிளைக்குழுக்கள் அமைத்து இசைத்தட்டுக்கள் வெளியிடுவதே அவ்வழக்கம். கலைஞரின் நட்புணர்வுக்கும் படைப்பார்வத்துக்கும் இது சான்றென இரசிகர் பாராட்டுவர். பாராட்டு நியாயமானதே. ஆயினும் அது விளக்கமாகிவிடாது.

முதலிற் சொல் விளக்கம் ஒன்று அவசியமாகின்றது. நமது விமர்சன மரபில் 'முற்போக்கு' என்பது சமுதாய நோக்குச் சார்ந்த சொல்லாகும். 1960களின் பிற்கூற்றில் இங்கிலாந்திலே தோன்றிய இவ்விசை வகையின் பெயரிலுள்ள 'புறோகிறசிவ்' என்பதோ பெரும்பாலும் வடிவம் பற்றியது. மூன்று நிமிடப் பாட்டின் எல்லையை மீறி, ஐரோப்பிய சாஸ்திரிய இசையினதும் ஜாஸ் இசையினதும் கூறுகளை உள்வாங்கி, சிக்கலான தாளக்கட்டுடைய நீண்ட ஆக்கங்களைப் படைத்தமையே அதன் சிறப்பியல்பு. இவ்வடிவ இயல்பே நாம் ஆராயும் வழக்கத்துக்கு முதற் காரணமாயிற்று. இத்தகைய இசையை வாசிக்கும் தேர்ச்சி சிலருக்கே வாய்த்தது. அத்தேர்ச்சி குழுவுக்குக் குழு எடுத்துச் செல்லத்தக்கது. டிறம்ஸ் கலைஞரான பில் புறூபோட், 1972இல் 'யெஸ்' குழுவை விட்டுக் 'கிங் கிறிம்சன்' குழுவிற் சேர்ந்து, 1976இல் 'ஜெனசிஸ்' குழுவின் இசைப்பயணத்திலும் வாசித்தமை இதற்குத் தக்க உதாரணமாகும்.

இரண்டாவது காரணம் பொருளாதாரம் சார்ந்தது. வெற்றி பெற்ற இசைக்குழு நண்பர்களின் கூட்டாக மட்டும் நீடிப்பதில்லை. ஒப்பந்தங்களாற் பிணைக்கப்பட்ட தொழில் நிறுவனமாகவும் மாறுகின்றது. அதன் பெயர் ஒரு சொத்து. அப்பெயரில் வெளிவரும் இசை முன்னைய இசையைப் போன்று இருத்தல் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, கம்பனிக்கும் இரசிகருக்கும் ஒருங்கே உண்டு. பெயர் உறுதிப்படுந்தோறும் பரிசோதனைக்கான இடம் சுருங்குகின்றது. கிளைக்குழு, இம்முரண்பாட்டிலிருந்து பிறக்கின்றது என்பதே நமது கருத்து.

ஆயின், ஒரே முரண்பாட்டுக்குப் பலவகைத் தீர்வுகள் உண்டு. 'ஏசியா' குழு அவற்றுள் ஒன்றனைக் காட்டுகின்றது. கிங் கிறிம்சனில் வாசித்த ஜோன் வெற்றன், யெஸ் குழுவிற் பங்காற்றிய ஸ்ரீவ் ஹவ், ஜெப் டவுன்ஸ், 'எமர்சன், லேக் அன்ட் பாமர்' குழுவின் கார்ல் பாமர் ஆகியோர் சேர்ந்து 1982இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஒன்பது வாரங்கள் முதலிடம் வகித்தது. பழைய குழுக்களின் நீண்ட ஆக்கங்கள் இங்கு வானொலிக்கு உகந்த குறும்பாட்டுக்களாயின. கலைஞர் ஒன்றுகூடினர், சந்தையின் கட்டுப்பாடோ தளரவில்லை. புகழ்பெற்ற பெயர்களின் கூட்டு, புதிய இசையைத் தானாகவே தந்துவிடாது என்பது இதனாற் பெறப்படுகின்றது.

இதற்கு நேர்மாறான வழியில் நின்றது 'ஹென்றி கவ்'. 1968இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலே பிறெட் பிறித், ரிம் ஹொட்ஜ்கின்சன் ஆகியோரால் தொடங்கப்பட்ட இக்குழு, வெளிப்படையான இடதுசாரிச் சார்புடையது. 1978 மார்ச் மாதத்தில் லண்டனிலே, இத்தாலி, சுவீடன், பெல்ஜியம், பிரான்சு ஆகிய நாடுகளின் குழுக்கள் நான்கினை அழைத்து 'றொக் இன் ஒப்பசிசன்' என்ற பெயரில் அது நடத்திய இசைவிழா, பெருங்கம்பனிகள் புறக்கணித்த கலைஞரின் கூட்டமைப்புக்கு வித்திட்டது. அதே ஆண்டில், குழுவின் டிறம்ஸ் கலைஞரான கிறிஸ் கட்லர் சுயாதீன வெளியீட்டகம் ஒன்றையும் நிறுவினார். ஹென்றி கவ்வின் பெயரால் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆக்கங்களிற் பாடல்கள் மிகுந்துவிட்டன என்ற கருத்து வேறுபாடு உள்ளே எழுந்தபோது, பிறித், கட்லர், பாடகி டக்மார் கிறவுஸ ஆகியோர் அவற்றை 'ஆட் பெயர்ஸ்' என்ற புதுப்பெயரில் வெளியிட்டனர். ஏனைய உறுப்பினர் அதில் விருந்தினராக இடம்பெற்றனர். இங்கே கிளைக்குழு, கருத்து மோதலின் நேர்மையான விளைவாகும். சந்தைக் கணிப்பினால் அது பிறக்கவில்லை.

1990களின் பிற்கூற்றில் மூன்றாவது வகையொன்றனைக் காண்கின்றோம். அறுவர் கொண்ட கிங் கிறிம்சன் படைப்புத் தேக்கத்தை எதிர்நோக்கியபோது, றொபேட் பிறிப் 1997 முதல் 1999 வரை அதனைச் சிறுசிறு குழுக்களாகப் பிரித்து மேடையேற்றினார். தொழிற்சாலைகளின் ஆய்வுப் பிரிவுக்கு அவர் இவற்றை ஒப்பிட்டமை மனங்கொள்ளத்தக்கது. அக்காலத்திலேயே அமெரிக்காவில், 'டிறீம் தியேட்டர்' குழுவின் மைக் போட்நோய், ஜோன் பெற்றூச்சி ஆகியோர், கிங் கிறிம்சனின் ரொனி லெவினையும் கீபோட் கலைஞர் ஜோர்டன் றூடெஸையும் சேர்த்து 'லிக்விட் ரென்ஷன் எக்ஸ்பெரிமென்ற்' என்ற குழுவை அமைத்தனர். அவர்களது இசைத்தட்டுக்கள் 1998இலும் 1999இலும் வெளிவந்தன. பாடகரற்ற இக்குழுவில் உடனுக்குடன் கற்பித்து வாசிக்கும் முறை சிறப்பிடம் பெற்றது. றூடெஸ் 1999இல் டிறீம் தியேட்டரில் உறுப்பினரானார். கிளையில் விளைந்த உறவு தாய்க்குழுவையே மாற்றியமைத்தது.

தாய்க்குழு இடந்தராத இசைக்கு வழி திறத்தலும் கிளைக்குழுவின் பணியே. சுவீடனின் 'ஒபெத்' என்ற மெற்றல் குழுவின் 2001ஆம் ஆண்டு இசைத்தட்டினைத் தயாரித்தவர், இங்கிலாந்தின் 'போர்க்குபைன் றீ' குழுவின் ஸ்ரீவன் வில்சன். அவரும் ஒபெத்தின் மிக்கேல் ஒக்கர்பெல்ற்றும் 2012இல் 'ஸ்ரோர்ம் கொறோஷன்' என்ற பெயரில் வெளியிட்ட இசை, மெற்றலின் உரப்பினைத் துறந்து, மெதுவான நடையில் மௌனத்துக்கு இடமளிப்பது. இரு குழுக்களின் இரசிகரும் எதிர்பார்த்ததை அது தரவில்லை. அதுவே அதன் பெறுமதி எனலாம்.

எனினும் இவ்வழக்கத்தை இலட்சியமயப்படுத்தல் பொருந்தாது. பல கிளைக்குழுக்களில் இயங்கிய போட்நோய், 2010இல் டிறீம் தியேட்டர் சிறிதுகாலம் ஓய்வெடுக்க வேண்டுமெனக் கோரினார், ஏனையோர் இசையவில்லை, அவர் விலகினார். ஒருவருக்கு ஓய்வாகத் தோன்றியது பிறருக்கு வாழ்வாதாரத்தின் இடைநிறுத்தம். குழு ஒரு தொழில் நிறுவனமும் ஆகும் என்ற உண்மை இங்கு அப்பட்டமாக வெளிப்பட்டது. முறிந்த உறவு கிளைவழியே மீண்டது: 2020இல் பெற்றூச்சியின் தனி இசைத்தட்டு, 2021இல் மேற்கூறிய கிளைக்குழுவின் மூன்றாவது இசைத்தட்டு, 2023 ஒக்டோபரில் தாய்க்குழுவுக்கு மீள்வரவு. இரசிகர் இதனைக் கொண்டாடினர். ஆயின் இடைப்பட்ட காலத்தில் ஐந்து இசைத்தட்டுக்களில் வாசித்த மைக் மன்ஜினியின் உழைப்பு, அக்கொண்டாட்டத்திற் பெரிதும் பின்தள்ளப்பட்டது. நட்பின் மீட்சி என்று மட்டும் இதனைக் கூறுமிடத்து, ஒரு தொழிலாளி இடமிழந்தமை பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் அளவுகோல் புலனாகின்றது. கிளைக்குழுவிற் சேர்ந்தோர் யாவர் என்பது இரண்டாம்பட்சமான வினா. அக்கூட்டு, உழைக்கும் முறையை மாற்றியதா, தாய்க்குழுக்கள் தர இயலாத இசையைத் தந்ததா, அதன் பலன் யாவரைச் சேர்ந்தது, யாவரை விட்டுநீங்கியது என்பனவே முதன்மையான வினாக்கள். ஏசியாவும் ஆட் பெயர்ஸும் வெளித்தோற்றத்தில் ஒரே வகையின. இவ்வினாக்களை எழுப்பியதும் அவை எதிரெதிர்த் துருவங்களாகின்றன. கூட்டுழைப்பு என்ற சொல்லின் இனிமையில் மயங்காது, அதன் உள்ளடக்கத்தை வினவுதலே விமர்சகரின் கடனாகும்.