டால்ஃபின் தூங்கும் நேரம்

கதை இதுதான். விடியற்காலையில் ஓட்டல் வாசலுக்கு வேன் வருகிறது. எட்டு மணிக்குள் படகில் ஏற்றிவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் டால்ஃபின் கூட்டம் கண்ணில் படுகிறது. லைஃப் ஜாக்கெட், கண்ணாடி, மூச்சுக்குழாய் சகிதம் தொபுக்கடீர் என்று கடலில் குதித்து அதுகளோடு நீந்த வேண்டியது. பிறகு பவளப்பாறைக்கு மேலே குப்புற மிதந்தபடி வண்ண மீன் தரிசனம். இதற்கு ஸ்நார்கெலிங் என்று பெயர். மதியம் ஒரு குட்டித் தீவில் இறக்கி, சுட்ட மீன், சுட்ட கோழி, வேண்டுபவர்களுக்கு ரம். சாயங்காலம் திரும்ப ஓட்டல். சுபம்!

மொரீஷியஸ் தீவின் மேற்குக் கரையில், தமரின் விரிகுடாவில் தினசரி ஓடிக்கொண்டிருக்கும் படம் இது. சாப்பாட்டுத் தீவின் பெயர் பெனித்தியே. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை என்று நமக்கு ரொம்பத் தோதான நாடு. அதனால் ஹனிமூன் பேக்கேஜில் நம் ஆட்களும் இப்போது நிறையவே போகிறார்கள். மூணு மணி நேர சினிமாவுக்கு வரிவரியாக விமர்சனம் எழுதுகிறோம். அதைவிடப் பல மடங்கு காசு கொட்டிப் பார்க்கும் இந்த ஒரு நாள் காட்சிக்கு யாரும் எழுதுவதில்லை. எழுதிப் பார்த்தால் என்ன?

முதல் காட்சி, டால்ஃபின். படத்தின் ஹீரோ அதுதான். ஆனால் ஹீரோவின் கால்ஷீட்டை யாரும் கேட்கவில்லை.

அந்த விரிகுடாவுக்கு வரும் ஸ்பின்னர் வகை டால்ஃபின் ராத்திரி வேலைக்காரன். இரவெல்லாம் ஆழ்கடலில் சின்ன மீன், கணவாய் என்று வேட்டையாடும். விடிந்ததும் கரையோரம் ஆழம் குறைந்த விரிகுடாவுக்குள் வந்து ஓய்வெடுக்கும். அங்கே தண்ணீர் தெளிவு. சுறா வந்தால் தெரியும். டால்ஃபின் நம்மைப் போல் கட்டையாகப் படுத்துத் தூங்க முடியாது. மூச்சு விடுவதையே நினைத்து நினைத்துச் செய்ய வேண்டிய பிராணி அது. எனவே மூளையின் ஒரு பாதி தூங்க, மறு பாதி விழித்திருக்கும். கூட்டமாக, மெதுவாக, ஒரே சீராக மேலே வந்து போய்க்கொண்டிருக்கும். படகிலிருந்து பார்ப்பவருக்கு, 'ஆஹா, நம்மை வரவேற்க எவ்வளவு நிதானமாக வருகிறது' என்று தோன்றும். பாவம், அது தூக்கத்தில் இருக்கிறது.

சுற்றுலாவின் 'காலை எட்டு மணி' எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். அதன் படுக்கையறைக்குள் நுழைய அதுதான் சரியான நேரம்.

பசுவந்தனைப் பக்கம் ஒரு வீட்டில் இந்த ஹனிமூன் வீடியோவை டி.வி.யில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கோவில்பட்டியிலிருந்து கரிசல் காட்டுக்குள்ளே போனால் வரும் ஊர். பசு வந்து வந்தனை செய்த தலம் என்று கைலாசநாதர் கோயிலுக்குக் கதை உண்டு. உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் மானத்தைப் பார்த்து விளைகிற பூமி. பேரன் பெருமையாக, "காலைல இதுக தூங்கிட்டிருக்கும் ஆச்சி, அதான் கிட்டப் போக முடிஞ்சுது. கைடு சொன்னாரு" என்றிருக்கிறான். ஆச்சி கேட்டாராம்: "ஏ அய்யா, மாடு அசைபோட்டுப் படுத்திருக்கையில எவனாச்சும் நடுவுல போய் விழுவானா? காசு குடுத்தா விழுந்தீக?"

கடல்சார் உயிரியலாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை ஆச்சி ஒரு வரியில் முடித்துவிட்டார். மாட்டை வைத்துப் பிழைத்தவர்களுக்கு இது பாடமே இல்லை. அசைபோட விடாத மாடு பால் தராது, ஏர் இழுக்காது. ஓய்வு கிடைக்காத டால்ஃபின் அன்று ராத்திரி சரியாக வேட்டையாடாது, குட்டிக்குப் பால் கொடுக்காது. ஒரு நாள் என்றால் தாங்கும். வருஷத்தில் முந்நூறு நாள், தினம் இருபது படகு என்றால்?

'பிடிக்கவில்லை என்றால் அது போய்விடுமே, கட்டியா போட்டிருக்கிறோம்?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் போவதற்கு எல்லா இடமும் அதற்கு வீடு இல்லை. மணல் தரையும் தெளிந்த தண்ணீரும் பாதுகாப்பும் சேர்ந்த விரிகுடாக்கள் சிலதான். ரோட்டோரத்து வீட்டுக்காரன் லாரிச் சத்தத்தைச் சகித்துக்கொண்டு அங்கேயே இருக்கிறான் என்றால், அவனுக்கு லாரி பிடித்திருக்கிறது என்றா அர்த்தம்?

பிழைப்பே சுற்றுலாதான் என்று இருக்கும் ஊர்களே இதைப் புரிந்துகொண்டுவிட்டன. நியூஸிலாந்தின் பே ஆஃப் ஐலண்ட்ஸ் பகுதியில் டால்ஃபின்களின் எண்ணிக்கை இருபது வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துபோக, 2019ல் அவற்றோடு நீந்துவதை நிறுத்தினார்கள். ஹவாயில் 2021லிருந்து ஸ்பின்னர் டால்ஃபினுக்கு 50 கஜத்துக்குள் நீந்திப் போனாலும் தப்பு, படகில் போனாலும் தப்பு. மொரீஷியஸிலும் விதிகள் உண்டு. விதிக்கும் கடலுக்கும் நடுவே டிப்ஸ் என்று ஒரு பாலம் இருப்பது நமக்குத் தெரியாததா?

முதல் காட்சிக்கு மார்க் கிடையாது.

இரண்டாம் காட்சி, ஸ்நார்கெலிங். இதற்கு நான் எதிரி இல்லை. ஒரு கண்ணாடியும் ஒரு குழாயும் இருந்தால் கடலுக்கு அடியில் ஒரு ஊரே தெரிகிறது. இயந்திரம் வேண்டாம், இரைச்சல் இல்லை. ஒழுங்காகச் செய்தால் இதைவிடச் சாதுவான வேடிக்கை கிடையாது. சிக்கல் எங்கே என்றால், நீச்சல் தெரியாதவர் பயந்துபோய்க் காலை ஊன்றுகிற இடத்தில். அவர் பாறை என்று நினைத்து மிதிப்பது உயிரோடு இருக்கும் பவளம். வருஷத்துக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் வரை வளர்கிற ஜந்து. ஒரு மிதியில் பல வருஷம் போச்சு. மேலே பூசிய சன்ஸ்கிரீன் வேறு. அதில் உள்ள சில ரசாயனங்கள் பவளத்துக்கு ஆகாது என்று ஹவாய் 2018லேயே சட்டம் போட்டு, 2021 முதல் அந்த வகைகளின் விற்பனையை நிறுத்தியது.

இதற்குப் பாதி மார்க்.

மூன்றாம் காட்சி, தீவில் சாப்பாடு. இதில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடற்கரையில் சுட்ட மீனைக் குறை சொல்பவன் நாக்கு இல்லாதவன். ஒரே ஒரு கேள்வி. அந்த மீனைப் பிடித்தவன் அந்தப் படத்தில் எங்காவது வருகிறானா?

இந்தக் கேள்வியோடு நம்ம ஊருக்கு வந்துவிடலாம்.

பசுவந்தனையிலிருந்து காரில் கிளம்பினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தருவைகுளம். அங்கே கடல். அந்தக் கடலுக்கு மன்னார் வளைகுடா என்று பெயர். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். 1986ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989ல் உயிர்க்கோளக் காப்பகம். நூற்றுக்கும் மேற்பட்ட பவள வகைகள். ஓங்கில் என்று நம் மீனவர்கள் சொல்கிற டால்ஃபின் உண்டு. ஆவுளியா என்கிற கடல் பசுவும் உண்டு. தரைப் பசு கும்பிட்ட ஊருக்குப் பக்கத்திலேயே கடல் பசு! ஹனிமூன் ஜோடிக்கு மொரீஷியஸ் போகும் வழி தெரிந்தது, இது தெரியவில்லை. அவர்களைச் சொல்லி என்ன? கரிசல்காட்டுக்காரனுக்குக் கடல் என்றால் உப்பு, கருவாடு, ஐப்பசி மழை. மிஞ்சினால் காணும் பொங்கலுக்கு முயல் தீவு.

'அப்படியானால் மொரீஷியஸ் மாதிரி இங்கேயும் ஆரம்பித்துவிடலாமே' என்று அடிக்கடி ஒரு யோசனை கிளம்புகிறது. நல்ல ரோடு, ரிசார்ட், வேகப்படகு, தீவில் லஞ்ச். கேட்க ஜோராக இருக்கும். அதற்கு முன்னால் இந்தக் கடலின் பழைய கணக்கைப் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு என்று ஒன்று. 1986ல் 16 ஹெக்டேர். 2014 வாக்கில் சுமார் 2 ஹெக்டேர். பக்கத்திலிருந்த விலாங்குச்சல்லி மூழ்கியே போனது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் அப்படியே. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தோம். அலையைத் தடுத்த சுவர் போனதும் தீவு கரைந்தது. 2001ல் சட்டம் கடுமையானது. 2004 சுனாமியைப் பார்த்த பிறகுதான் வெட்டுவது அடங்கியது. அதன் பிறகு வான் தீவைச் சுற்றி 2015லிருந்து செயற்கைப் பாறைகளை இறக்கி, மிச்சத்தைக் காப்பாற்றினார்கள். இதற்கு நடுவே 2010, 2016, 2024 என்று கடல் சூடாகிப் பவளம் வெளுத்த வருஷங்கள். ஐ.சி.யூ.வில் இருந்து இப்போதுதான் வார்டுக்கு மாற்றிய நோயாளி இந்தக் கடல். அவரைப் பார்க்கக் கூட்டமாகப் போய்க் கட்டிலில் ஏறி உட்காரலாமா?

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு ஸ்நார்கெலிங் புதுசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முத்துக்குளித்தவர்கள் ஊர் தூத்துக்குடி. கடைசி முத்துக்குளிப்பு 1961ல் முடிந்தது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் கடற்பாசி எடுக்கிற பெண்கள் கண்ணாடி மாட்டி, கையில் துணி சுற்றி, மூச்சடக்கி, தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி முங்குகிறார்கள். பாசி மறுபடி வளர வேண்டும் என்று மாதத்தில் 12 நாள்தான் போவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்கள் தீவை ஒட்டிப் போனால் பூங்கா எல்லை என்று பிடிப்பதும் அபராதமும். அதே தீவில் டிக்கெட் வாங்கியவரை இறக்கி பார்பெக்யூ போட்டால், அந்தப் பெண்களுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? இயற்கையைக் காப்பாற்றத்தான் வேலி என்றால் எல்லோருக்கும் வேலி. ஏழைக்கு வேலி, டூரிஸ்ட்டுக்குக் கேட் என்றால் அதற்குப் பெயர் வேறு.

டால்ஃபின் விஷயத்தில் நமக்கு ஒரு பழைய அவமானமும் இருக்கிறது. 1998ல் சென்னைக்குப் பக்கத்தில் வித்தை காட்டுவதற்காக பல்கேரியாவிலிருந்து கொண்டுவந்த டால்ஃபின்கள் சில மாதங்களில் செத்துப்போயின. 2013ல் இந்தியாவில் டால்ஃபின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி இல்லை என்று மத்திய அரசு சொன்னது. தொட்டியில் வைக்கக் கூடாது என்பதை ஏற்றுக்கொண்டோம். கடலையே தொட்டியாக்கும் வேலையையும் அதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். கோவாவிலும் சில்கா ஏரியிலும் ஒரு டால்ஃபின் முதுகைக் காட்டியதும் நாலு திசையிலிருந்தும் மோட்டார் படகு பாய்வதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இதே தூத்துக்குடி மாவட்டம் இன்னொரு காட்சியும் காட்டியிருக்கிறது. 2016 ஜனவரி. மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலை கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. பெயரில்தான் திமிங்கலம், டால்ஃபின் குடும்பம்தான். செய்தி கேட்டுச் செல்போனோடு ஓடியவர்கள் உண்டு. மீனவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, தள்ளி, படகில் கயிறு கட்டி இழுத்து, ஆழத்தில் கொண்டுபோய் விட்டார்கள். விட்டவற்றில் சில மறுபடி கரைக்கே வந்தன. மறுபடி இழுத்தார்கள். நாற்பதுக்கும் மேல் செத்தன. மற்றவை கடலுக்குப் போயின. யாரும் இதற்கு டிக்கெட் போடவில்லை. டால்ஃபினோடு கடலில் இறங்குவதற்கு நியாயமான காரணம் என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

'அப்போ கடலையே பார்க்க வேண்டாம் என்கிறீரா?' இல்லை ஐயா. பார்க்காத கடலுக்காக யாரும் சண்டை போட மாட்டார்கள். கரிசல்காட்டுப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகு. ஊர்ப் பெண்கள் கையால் நண்டும் மீனும். மீன் பிடித்தவனும் சமைத்தவளும் படத்தில் இருக்கிறார்கள். காசும் அந்த ஊரிலேயே தங்குகிறது.

தருவைகுளத்திலோ வேம்பாரிலோ இப்படி ஒன்று வரட்டும். மீனவர் சங்கமே நடத்தட்டும். தீவில் இறங்க வேண்டாம். தூரத்திலிருந்து பார்த்தால் போதும். ஓங்கில் வந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பது. வராவிட்டால், 'இன்னிக்கு வரலை' என்று சொல்லிக் கரைக்குத் திரும்புவது. காட்டியே தீருவேன் என்று உத்தரவாதம் தருகிற படகில் மட்டும் ஏறாதீர்கள். துரத்தாமல் உத்தரவாதம் தர யாராலும் முடியாது. சாப்பாடு கரையில், குப்பத்தில், சுடுசோறும் மீன்குழம்பும். பசுவந்தனைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒரு நாள் இலவசம் என்று அரசு ஏற்பாடு செய்தால் நூறு மார்க்.

மொரீஷியஸ் படத்துக்கு மொத்தம் முப்பத்தைந்து. அதில் இருபது சுட்ட மீனுக்கு.