உருசிய இலக்கியங் காட்டும் நகரங்கள்

உருசிய நாவல்களையும் சிறுகதைகளையும் ஒருசேரப் பயில்வார்க்கு ஒரு வியப்பு விரைவிலே தோன்றும். அப்பரந்த நாட்டிலே பெயருடைய நகரங்கள் இரண்டே உளபோலும் என்பதே அவ்வியப்பு. கதை பீற்றர்ஸ்பேர்க்கில் நிகழுமாயின் தெருவும் பாலமும் கால்வாயும் தத்தம் அடையாளத்துடன் வருகின்றன. மொஸ்கோவில் நிகழுமாயினும் அவ்வாறே. இவ்விரண்டையும் நீங்கிக் கதை வெளியே சென்றதும் ஊர் தன் பெயரை இழந்து, ஓரெழுத்தாற் குறிக்கப்படும் மாகாண நகரமாகிவிடுகின்றது. சேறு நிறைந்த வீதி, சீட்டாடும் உத்தியோகத்தர், இலஞ்சம் பெறும் அதிகாரி, தீராத சலிப்பு ஆகியவற்றை அந்நகரில் எதிர்பார்க்கலாம். உருசிய நகரங்கள் உண்மையில் இவ்வாறு ஓரச்சில் வார்த்தவைதாமா, அன்றி எழுதியோர் நின்று நோக்கிய இடத்தால் அவ்வாறு தோன்றினவா என்பது ஆராயற்பாலது.

பீற்றர்ஸ்பேர்க் ஒருவனுடைய சித்தத்தாற் பிறந்த நகரம். முதலாம் பீற்றர் மன்னன் 1703 ஆம் ஆண்டில் நேவா ஆற்றின் கழிமுகத்துச் சதுப்பு நிலத்திலே அதனைத் தொடக்கினான். 1714 இல் நாட்டின் பிற பகுதிகளிற் கல்லாற் கட்டடங் கட்டுதலை அவன் தடைசெய்தான். கற்றச்சர் அனைவரும் புதுநகருக்கு வரவேண்டுமென்பதே நோக்கம். ஒரு நகரம் எழுதற்பொருட்டு ஏனைய நகரங்கள் மரவீடுகளோடு காத்திருக்கவேண்டியதாயிற்று. 1833 இற் புஷ்கின் இயற்றிய 'வெண்கலக் குதிரைவீரன்' என்னும் காவியம் இந்நகரின் பிறப்போடு அதற்குக் கொடுத்த விலையையுஞ் சேர்த்தே காட்டுகின்றது. 1824 ஆம் ஆண்டு வெள்ளத்திலே தன் காதலியை இழந்த ஏழை எழுதுவினைஞன் ஒருவன் மன்னனின் சிலையை நோக்கிச் சினந்து, பின்னர் அச்சிலையே தன்னைத் துரத்துவதாக அஞ்சி ஓடுகின்றான். நகரின் அழகைப் புகழ்ந்து தொடங்கும் காவியம் இவனுடைய சாவோடு முடிகின்றது. முதலாம் நிக்கலஸ் மன்னன் திருத்தங்கள் வேண்டியமையால், கவிஞர் உயிரோடிருந்த காலத்தில் அது முழுமையாக வெளிவரவில்லை.

டொஸ்தோயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' (1866) அரண்மனைகளை விட்டு, வைக்கோற் சதுக்கத்தைச் சூழ்ந்த சாராயக்கடைகளிடையே புகுகின்றது. அந்நாவலிலே தெருப்பெயர் சில சுருக்கியே எழுதப்பட்டுள்ளன. எனினும் ரஸ்கோல்னிக்கோவ் தன் வீட்டு வாயிலிலிருந்து அடகுபிடிக்குங் கிழவியின் வீடுவரை 730 காலடிகள் என எண்ணி வைத்திருக்கின்றான். காலடியால் அளக்கத்தக்க நகரத்துக்குப் பெயர் சுருங்கினாற் குறைவென்ன?

மொஸ்கோவின் இயல்பு வேறு. 'போரும் சமாதானமும்' என்னும் நாவலில் தோல்ஸ்தோய், 1812 இல் அந்நகர் எரிந்தமைக்குப் பிரெஞ்சுப் படையையோ உருசிய ஆளுநரையோ பொறுப்பாக்க மறுக்கின்றார். மரத்தாலாகிய நகரை அதன் குடிகள் விட்டுச்சென்றால் அஃது எரிந்தே தீருமென்பது அவர் கருத்து. குடிகள் நீங்கிய மொஸ்கோவை இராணித்தேனீயை இழந்த கூட்டிற்கு அவர் உவமிக்கின்றார். திட்டத்தாற் பிறந்தது பீற்றர்ஸ்பேர்க். குடிகளால் உயிர்த்திருந்தது மொஸ்கோ.

இனிப் பெயரற்ற நகரத்துக்கு வருவோமாயின், அதற்கு அழியாத உருவங் கொடுத்தவர் கோகொல். 'இறந்த ஆன்மாக்கள்' (1842) தொடங்கும்போது ஒரு வண்டி நகரினுள் நுழைகின்றது. அதன் சக்கரம் மொஸ்கோ வரை தாங்குமா, கசான் வரை தாங்குமா என்று குடியானவர் இருவர் ஆராய்கின்றனர். விடுதி எல்லா மாகாண நகரத்து விடுதிகளையும் போன்றது. கல்வீடுகளுக்கு மஞ்சள் வண்ணம், மரவீடுகளுக்குச் சாம்பல் வண்ணம். நகைச்சுவையிலே இதனை வெல்வது அரிது. ஆயினும் கோகொல் இந்நாவலின் பெரும்பகுதியை உரோமாபுரியிலிருந்து எழுதினாரென்பதையும், உருசிய மாகாண நகரங்களில் அவர் வாழ்ந்த காலம் மிகக் குறைவென்பதையும் மறத்தலாகாது. அவருக்குப்பின் வந்தோர் பலர் அவர் கண்ணாலேயே ஊரைக் கண்டனர். டொஸ்தோயெவ்ஸ்கி தாம் வீடுகொண்டு வாழ்ந்த ஸ்தாராயா ரூசாவைக் 'கரமாசொவ் சகோதரர்' நாவலுக்குக் களமாக்கியபோது, ஊரின் பெயரை நெடுநேரம் மறைத்து, இறுதியிற் கால்நடைகளை ஓட்டியடைக்கும் இடமெனப் பொருள்படும் பெயரொன்றைச் சூட்டினார். பெயர் கிடைத்ததும் ஏளனமாகவே கிடைத்தது.

இவ்வொருமைத் தோற்றம் முற்றும் புனைவன்று. 1763 இல் த்வேர் நகரம் தீக்கிரையாகியபின், இரண்டாம் கதரீன் அரசி உருசிய நகரங்கள் யாவற்றுக்கும் ஒழுங்கான அமைப்புத் திட்டம் வரையுமாறு ஆணையிட்டாள். அவளாட்சியில் 400 இற்கும் மேற்பட்ட நகரங்களின் திட்டங்கள் உறுதிசெய்யப்பட்டன. நேர்த்தெருக்கள், நடுவிலே சதுக்கம், அதனருகே ஆளுநர் மாளிகை, கடைவரிசை: தலைநகர் வகுத்த இவ்வமைப்பையே தலைநகரிலிருந்து வந்த எழுத்தாளரும் கண்டனர். ஆனால் ஒரே ஆணை ஓரேயூரை உண்டாக்கியதென்பது பொருந்தாது. வொல்கா நதிக்கரையிலுள்ள யரொஸ்லாவ்ல் நகரில் அத்திட்டம் பழைய தேவாலயங்களை இடிக்காது, அவற்றை நோக்கியே புதுத்தெருக்களைச் செலுத்தியது. பதினேழாம் நூற்றாண்டில் வணிகர் எழுப்பிய எலியா தீர்க்கதரிசி ஆலயம் புதிய சதுக்கத்தின் நடுவாயிற்று. அப்பழைய நகர்ப்பகுதி 2005 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

நொவ்கொறட்டின் கதை இன்னும் வியப்புடையது. அந்நகர மன்றத்தின் மணியை மூன்றாம் இவான் 1478 இல் மொஸ்கோவுக்குக் கொண்டுசென்றபோது அதன் சுதந்திரம் முடிந்தது. 1951 இல் அங்கு நிகழ்ந்த அகழ்வாய்வில் பூர்ச்சமரப் பட்டையிற் கீறிய மடலொன்று கிடைத்தது. பின்னர் கிடைத்தவற்றோடு அத்தொகை ஆயிரத்தைக் கடந்துவிட்டது. கடன் கேட்போர், வழக்குரைப்போர், வீட்டாருக்குப் பணிப்போர் எனச் சாதாரண குடிகளே அவற்றில் எழுதுகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிறுவனாகிய ஒன்பிம் எழுத்துப் பயின்ற பட்டையிலே குதிரைவீரனையும் வரைந்து, தன் பெயரையும் எழுதி வைத்திருக்கின்றான். மாகாண நகரம் வாயற்றதென்னும் எண்ணத்துக்கு இம்மடல்களைவிட வலிய மறுப்பு இல்லை.

பெயரற்ற நகரைப் பற்றி எழுதியவர்களுட் செக்கோவ் தனித்து நோக்கத்தக்கவர். அவர் தாகன்ரொக் என்னும் துறைமுகப்பட்டினத்திற் பிறந்து வளர்ந்தவர். 'மூன்று சகோதரிகள்' நாடகம் பேர்ம் போன்றதொரு நகரில் நிகழ்வதெனக் கோர்க்கிக்குக் கடிதம் எழுதியவர், நாடகத்தில் அப்பெயரைக் குறிக்கவில்லை. எனினும் 1896 இல் வெளிவந்த 'என் வாழ்க்கை' என்னும் நெடுங்கதை கோகொல் செய்யாததைச் செய்கின்றது. ஊர் ஏன் அழகற்றதாயிற்றென அது காரணங் காட்டுகின்றது. கதை சொல்லும் இளைஞனின் தந்தை நகரத்துக் கட்டடக்கலைஞர். எவ்வீட்டுக்கும் முதலிற் பெரிய கூடத்தை வரைந்து, பின் மற்றை அறைகளை ஒட்டிச் சேர்ப்பது அவர் வழக்கம்; அதனால் வேண்டாத கதவுகள் அறைதோறும் பெருகின. இருப்புப்பாதையை ஊருக்கருகே கொண்டுவர எந்திரவியலாளர் 50,000 ரூபிள் இலஞ்சங் கேட்க, நகரசபை 40,000 தான் தருவதாகப் பேரம்பேசியது. நிலையமோ ஊருக்கு வெகு தொலைவில் அமைந்தது. மிச்சப்படுத்த எண்ணிய தொகைக்கு மேலாக வீதி போடச் செலவாயிற்று. இங்கே சலிப்பென்பது வானிலிருந்து இறங்கிய விதியன்று; இன்னின்னார் செய்த இன்னின்ன செயலின் பயன். பெயரை மறைத்தும் இவ்வூர் வேறெவ்வூருமாகாது நிற்பது இதனாலேயே.

ஊர்ப்பெயரை அஞ்சாது கூறியோரும் உளர். லெஸ்கோவின் 'இடக்கையன்' (1881) கதையில், ஆங்கிலேயர் செய்த உருக்குத் தெள்ளுப்பூச்சிக்கு இலாடம் அடிக்குங் கொல்லர் தூலா நகரத்தார். பீற்றரின் காலந்தொட்டுத் துப்பாக்கி செய்த ஊராதலின் அப்பெயரை மாற்றினாற் கதையே இல்லை. கோர்க்கியின் 'தாய்' நாவலை ரகுநாதனின் மொழிபெயர்ப்பாலறிந்த தமிழ் வாசகர் பலர். அதிலுள்ள தொழிலாளர் குடியிருப்பும் பெயரற்றதே. அதற்கு மூலமான சோர்மொவோ, ஆசிரியர் பிறந்த நிஷ்னி நொவ்கொறட்டை அடுத்தது. ஆனால் அவர் தம் குழந்தைப் பருவத்தை எழுதியபோது மறைப்பு நீங்குகின்றது. அஸ்திரகானிலிருந்து நீராவிக் கப்பலில் வந்திறங்கும் சிறுவன், இளமையில் வொல்காவிற் படகிழுத்துப் பின்னர் சாயத்தொழில் நடத்திய பாட்டனாரின் வீட்டை அடைகின்றான். ஆறும் தொழிலும் குடும்பச் சண்டையும் ஒன்றோடொன்று பிணைந்து அவ்வூரை ஆக்குகின்றன. கலைத்திறனில் இது 'தாய்' நாவலினும் மேம்பட்டதெனின் மிகையன்று.

எனினும் ஊருக்குள் நின்றெழுதுவோருக்கும் எல்லையுண்டு. 1884 இற் கல்வி நாடிக் கசானுக்குச் சென்ற கோர்க்கி, பல்கலைக்கழகத்திற் புகவியலாது ரொட்டிச்சாலையின் நிலவறையில் உழைத்தார். 'என் பல்கலைக்கழகங்கள்' (1923) காட்டும் கசான் அந்நிலவறையும் படகுத்துறையும் மாணவர் கூடும் அறைகளுமே. 1552 இல் நான்காம் இவான் கைப்பற்றும்வரை கான்கள் ஆண்ட, பள்ளிவாசல்களும் தத்தாரியப் பேட்டைகளும் உள்ள மற்றைப் பாதி அதில் அருகியே தோன்றுகின்றது. அப்பாதியைப் பாடியவர் தத்தாரியக் கவிஞர் கப்துல்லா துக்காய். 1907 இற் கசானிற் குடியேறி 1913 இல் தம் 26 ஆவது வயதில் இறந்த அவர், அங்குள்ள தத்தாரிய வணிகரின் கடைத்தெருவைக் களமாக்கி 1908 இல் ஓர் அங்கதக் காவியம் இயற்றினார். அக்கடைத்தெருவின் பெயரும் வைக்கோற் சந்தையே. டொஸ்தோயெவ்ஸ்கியின் வைக்கோற் சதுக்கத்தை உலகறியும். துக்காயின் சந்தையைத் தத்தாரிய மொழி பயின்றோருக்கு வெளியே அறிந்தார் மிகச் சிலரே.