புளியறைச் செவியும் ஜப்பானியத் திரையும்

ஜப்பானில் வெளியாகும் வீடியோ கேம்களில் ஒரு பகுதி வேறு எந்த மொழிக்கும் போகாமல் அந்நாட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. வேறு சில, விற்பனைக் கணக்கு ஒத்துவரும் வரை பல ஆண்டுகள் கிடந்த பிறகே ஆங்கிலத்தில் வருகின்றன. விளம்பர வாசகங்கள் எழுதிப் புகழ்பெற்ற ஷிகெசாதோ இதொய் கதை எழுதி, நின்டெண்டோ நிறுவனம் 2006 ஏப்ரலில் வெளியிட்ட ‘மதர் 3’ இன்னும் அதிகாரபூர்வமாக மொழிபெயர்க்கப்படவில்லை. 2008இல் ரசிகர்கள் கூடித் தாமாகவே செய்து முடித்த ஆங்கில வடிவத்தின் மூலமே வெளிநாட்டார் பலர் அதை அறிந்தனர். மெய்ஜி காலத்து இளம் வழக்கறிஞர் ஒருவரின் கதையான ‘தாய் க்யாகுதென் சாய்பான்’ 2015இல் வந்து 2021இல்தான் ஆங்கிலமானது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘க்யாகுதென் கென்ஜி 2’, 2011இலிருந்து 2024 வரை காத்துக் கிடந்தது.

இத்தகைய கேம்களை மூலத்திலேயே ஆடுவதற்காக ஜப்பானிய மொழி கற்பவர்கள் உலகெங்கும் உண்டு. அவர்களுள் பலருக்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடநூல்களே வழிகாட்டி. தமிழரும் அவற்றையே பிடித்துக்கொள்வதுதான் வருத்தத்துக்குரியது. தமிழைக் கையில் வைத்துக்கொண்டு ஜப்பானியத்தை ஆங்கிலத்தின் வழியாக அணுகுவது, செங்கோட்டையிலிருந்து புளியறைக்குப் போக நாகர்கோவிலைச் சுற்றி வருவதற்கு ஒப்பாகும்.

தமிழ்நாட்டுக்கு மொழிபெயர்க்கப்படாத ஜப்பானிய கேம் புதியதும் அன்று. 1983இல் ஜப்பானில் வெளியான ஃபேமிகாம் என்னும் கருவியின் மலிவான நகல்கள் 1990களில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் இங்குள்ள வீடுகளுக்குள் நுழைந்தபோது, ‘கேசட்’ என்று அழைக்கப்பட்ட அட்டைகளில் பலவற்றில் ஜப்பானிய எழுத்துகள் அப்படியே இருந்தன. எந்த எழுத்துக் கூட்டத்தின் மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தினால் ஆட்டம் தொடங்கும் என்பதைச் சிறுவர்கள் வடிவத்தைக் கொண்டே மனத்தில் பதித்துக்கொண்டனர். ஓடுவதும் சுடுவதுமே வேலையாக இருந்த கேம்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஊர் ஊராகச் சென்று மாந்தரிடம் பேசிக் கதையை நகர்த்தும் கேம்களில் அந்த வித்தை முதல் கிராமத்தைத் தாண்டாது.

தென்காசியிலிருந்து கொல்லம் செல்லும் சாலையில் எல்லைக்கு இப்பாலுள்ள ஊர் புளியறை; மலை வளைவுகளைக் கடந்தால் ஆரியங்காவு. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும் வரை இவ்வூரை உள்ளடக்கிய செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் ஆட்சி வரம்பில் இருந்தது. எல்லையோரத்தவர் மலையாளத்தை இலக்கண நூல் கொண்டு கற்பதில்லை. பேருந்து, சரக்கு லாரி, சோதனைச் சாவடி, சந்தை ஆகிய இடங்களில் காதில் விழுவதைத் தம் தமிழோடு ஒட்டிப் பார்த்து, எது ஒத்துப்போகிறது, எது விலகுகிறது என்று கண்டுகொள்கின்றனர். ஜப்பானிய கேம் ஆடுபவருக்கு வேண்டிய செவியும் இதுவே.

ஒத்துப்போகும் இடங்கள் ஜப்பானியத்தில் மிகுதி. வாக்கியத்தின் இறுதியில் வினை நிற்கிறது; வேற்றுமை உருபின் வேலையைச் செய்யும் இடைச்சொல் பெயருக்குப் பின்னால் வருகிறது; பெயரெச்சத் தொடர், தான் தழுவும் பெயருக்கு முன்னால் அமைகிறது. ‘கினோ கத்தா ஹொன்’ என்பது சொல்லுக்குச் சொல் ‘நேற்று வாங்கிய புத்தகம்’. இதை ஆங்கிலம் தலைகீழாக்கித்தான் சொல்ல முடியும். வினையெச்சத்தோடு துணைவினை சேரும் முறை இன்னும் வியப்பானது. ‘தபெதெ மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’ என்ற கருத்து. ‘மிரு’ என்பதன் நேர்ப்பொருளும் ‘பார்’ என்பதே. ‘கத்தெ ஒகு’ என்றால் முன்கூட்டியே ‘வாங்கி வை’. ‘ஒகு’ என்றாலும் ‘வை’தான். ‘வசுரெதெ ஷிமத்தா’ என்பதில் ‘மறந்துவிட்டேன்’ என்பதிலுள்ள ‘விடு’வின் முடிந்துபோன தன்மையும் வருத்தச் சாயலும் சேர்ந்தே இருக்கின்றன. ஆங்கிலப் பாடநூல் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாடம் ஒதுக்கி விளக்கும் இவற்றைத் தமிழர் ஒரு மாலைப்பொழுதில் கடந்துவிடலாம். ‘தரெ’ என்பது ‘யார்’, ‘தரெ மொ’ என்பது எதிர்மறையோடு வரும் ‘யாரும்’, ‘தரெ கா’ என்பது ‘யாரோ’ என்று வரும்போது உம்மையும் ஓகாரமும் வேறு உடையில் நிற்பதுபோல் தோன்றும். சுட்டுச் சொற்களிலோ யாழ்ப்பாணத்தார் இன்றும் வழங்கும் ‘உது’வைப்போலக் கேட்பவர் பக்கத்திலிருக்கும் பொருளுக்கென்றே ‘சொரெ’ என்ற தனிச்சொல் உண்டு.

இவ்வொற்றுமைகளையும் சொல் ஒப்புமைகளையும் கொண்டு இரு மொழிகளும் உறவின என்று வாதிட்டவர் ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ. யாழ்ப்பாணத்து அறிஞர்களான அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவரோடு சேர்ந்து உழைத்தனர். மொழியியலாளரில் பெரும்பாலோர் அம்முடிவை ஏற்கவில்லை. கேம் ஆடுபவர் அந்த வழக்கில் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. அமைப்பு ஒத்திருப்பது கண்முன் தெரிகிறது, அது போதும்.

விலகும் இடத்தில்தான் சுவை கூடுகிறது. கொடுத்தலைக் குறிக்கும் சொற்களை எடுத்துக்கொள்ளலாம். தன்மைக்கும் முன்னிலைக்கும் ‘தா’, படர்க்கைக்குக் ‘கொடு’ என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் வரையறுத்த வேறுபாடு இன்றைய தமிழில் தளர்ந்துவிட்டது. மலையாளத்தில் அது உறுதியாக வாழ்கிறது. ‘எனிக்கு தரூ’, ‘அவனு கொடுக்கூ’ என்பவற்றை மாற்றிச் சொன்னால் எல்லைக்கு அப்பால் உடனே வேற்றூர்க்காரர் என்று தெரிந்துவிடும் என்பது புளியறைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜப்பானியமும் இப்படிப் பிரிக்கிறது, ஆனால் கோட்டை வேறிடத்தில் போடுகிறது. பொருள் பேசுபவரிடமோ அவரைச் சேர்ந்தவரிடமோ வந்தால் ‘குரெரு’. அவரிடமிருந்து வெளியே போனால், அது கேட்பவரிடமே போனாலும், ‘அகெரு’. ஆகவே கதையில் ஒருவர் ‘அவன் என் தங்கைக்கு உதவினான்’ என்ற பொருளில் பேசும்போது ‘குரெதா’ என்று முடித்தால், தங்கை பெற்ற உதவியைத் தாமே பெற்றதாக அவர் கொள்வது தெரிகிறது. நேற்றுவரை எதிரியாக இருந்தவர் ஊராருக்குக் கிடைத்த ஒன்றைக் ‘குரெதா’ என்று சொல்லும் கணத்தில் அவர் கட்சி மாறிவிட்டார் என்பதை, கதை அறிவிக்கும் முன்பே ஆடுபவர் கண்டுகொள்ளலாம்.

வெளியே போகும் கொடையிலும் படிகள் உண்டு. சமமானவருக்கு ‘அகெரு’, உயர்ந்தவருக்குச் ‘சஷியகெரு’, குழந்தைக்கும் விலங்குக்கும் தாழ்ந்தவராகக் கருதப்படுபவருக்கும் ‘யரு’. முதிய வீரன் ஒருவன் வாளை நீட்டி ‘யரோ’ என்று சொன்னால் அதில் தோரணை இருக்கிறது. பூசாரிப் பெண் அதே வாளை நீட்டி ‘அகெமஸ்’ என்றால் பணிவு இருக்கிறது. கையில் வந்து சேரும் வாள் ஒன்றுதான் என்பதால் அவசரக்காரர் இரண்டையும் ஒரே பொத்தானில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

கதைமாந்தர் பேசும் விதம் இதனினும் வளமான நிலம். ஆங்கிலத்தில் ‘நான்’ என்பதற்கு ஒரே சொல் இருக்க, ஜப்பானியத்தில் பொதுவான ‘வதஷி’, இளைஞனின் அடக்கமான ‘பொகு’, முரட்டுத்தனம் கலந்த ‘ஒரெ’, கிழவரின் ‘வஷி’, சாமுராயின் ‘செஷ்ஷா’ என்று பல உண்டு. வாக்கிய இறுதியும் அதற்கேற்ப ‘தா’, ‘தெஸ்’, ‘ஜா’, ‘தெ கொசாரு’ என்று மாறும். ஒசாகா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சதோஷி கின்சுய், பேச்சைக் கேட்டவுடன் ஆள் வகை கண்முன் தோன்றுமாறு அமைந்த இத்தகைய நடைக்கு ‘யகுவரிகோ’, அதாவது பாத்திர மொழி, என்று பெயரிட்டு 2003இல் நூலாக விளக்கினார். நிஜ ஜப்பானில் முதியவர்கள் எல்லாரும் ‘ஜா’ என்று முடிப்பதில்லை. கதைகளில் வரும் முதியவர்கள் முடிக்கிறார்கள். ‘வந்தாவ’ என்று ஒருவர் சொன்னதும் அவர் எந்தச் சீமைக்காரர் என்பதோடு, பேசப்படும் ஆளுக்கு மதிப்பு உண்டு என்பதையும் உணரும் தென்காசிக் காதுக்கு, வினை முடிவில் ஆளைக் கண்டுபிடிப்பது கடினமான வேலை அன்று. ஒவ்வொரு மாந்தரின் பெயருக்கு எதிரிலும் அவர் தம்மைக் குறிக்கும் சொல்லையும் முடிக்கும் அசையையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பது பயன் தரும். ‘பொகு’ என்றே பேசிவந்த பையன் ஒருநாள் ‘ஒரெ’ என்று தொடங்கினால், அந்த நோட்டு வைத்திருப்பவருக்கே அது பெரிய நிகழ்ச்சியாகப் படும். (கேமில் கற்றதை அப்படியே ஜப்பானியரிடம் பேசுவோர் நகைப்புக்கு இடமாவர் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும், கணினி நிறுவன நேர்காணலில் ‘செஷ்ஷா’ எடுபடாது.)

எழுத்தைக் கண்டு மிரள்பவர் ஜப்பானியர் தம் அசை எழுத்துகளை அடுக்கும் வரிசையைப் பார்க்கலாம். அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து உயிர்கள். பின்னர் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இதில் ஹகரம் பழங்காலத்தில் பகரமாக ஒலித்தது என்பதை நினைவில் கொண்டால், தமிழ் நெடுங்கணக்கில் சில எழுத்துகளை விட்டுப் படித்ததுபோலவே இருக்கும். பௌத்தத் துறவிகள் வழியாகச் சென்ற இந்திய ஒலியியலே இதற்குக் காரணம். இவ்வெழுத்துகளுக்கு இரு வடிவங்கள் உண்டு: வளைந்த ஹிரகானா பெரும்பாலும் நாட்டுச் சொற்களுக்கும் உருபுகளுக்கும், கோண வடிவான கதகானா அயற்சொற்களுக்கும் ஒலிக்குறிப்புகளுக்கும். 1986 மே மாதத்தில் வெளியான முதல் ‘டிராகன் குவெஸ்ட்’ 64 கிலோபைட்டுக்குள் முழுக் கதையையும் அடக்க வேண்டியிருந்ததால், கதகானாவில் 20 எழுத்துகளுக்கு மட்டுமே அதில் இடம் கிடைத்தது. அசுரர்களின் பெயர்களும் மந்திரங்களின் பெயர்களும் அந்த இருபதுக்குள்ளேயே உருவாக்கப்பட்டன; ‘ஸுராய்மு’ என்ற சளிப்பூதமும் ‘ஹொய்மி’ என்ற காயம் ஆற்றும் மந்திரமும் அந்த நெருக்கடியில் பிறந்து இன்றும் நிலைத்திருக்கின்றன. இதை அறிந்தபின் அப்பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் சிக்கனத்தின் அழகு தெரியும்.

மூன்றாவது வகையான கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த பொருள் எழுத்து, மெய்யாகவே உழைப்பைக் கேட்பது. பொதுப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு வகுத்த பட்டியலில் மட்டும் 2136 உள்ளன. ஆயினும் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் ஆட உட்கார வேண்டும் என்பதில்லை. 2010இல் வந்த ‘பொகேமோன்’ கேம்கள் முதல் கானா மட்டும் கொண்ட நடையையும் கான்ஜி கலந்த நடையையும் ஆடுபவரே தேர்ந்துகொள்ள முடிகிறது; கானா நடையில் சொற்களுக்கிடையே இடைவெளியும் விடப்படுகிறது. சிறுவர்க்கான வேறு பல கேம்களில் கான்ஜியின் மேல் அதன் ஒலிப்பைச் சிறு எழுத்தில் காட்டும் ஃபுரிகானா இருக்கும். வசனம் தானே ஓடிவிடாமல் பொத்தானை அழுத்தும் வரை நிற்கும் கேம்களையே முதலில் எடுக்க வேண்டும். பழைய சிறு திரைக் கருவிகளில் கான்ஜியின் கோடுகள் புள்ளிகளுக்குள் அமுங்கிக் கலங்கித் தெரியும் என்பதால், கான்ஜிக்குப் பெரிய திரையே நல்லது. சென்னையில் நடக்கும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு என்5 முதல் என்1 வரை ஐந்து படிகளைக் கொண்டது. அதில் பேச்சும் எழுத்துப் பயிற்சியும் சோதிக்கப்படுவதில்லை, படிப்பதும் கேட்பதுமே சோதிக்கப்படுகின்றன என்பதால் கேம் ஆடுபவருக்கு அது பொருத்தமான அளவுகோல்தான்.

ஓரளவு தேறியவர் ‘க்யாகுதென் கென்ஜி’ கேம்களின் 2024ஆம் ஆண்டுத் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஜப்பானியமும் ஆங்கிலமும் இரண்டுமே உள்ளன. அதில் வரும் இதொனொகொகிரி என்ற துப்பறிவாளர் தம்மைச் ‘ஜிபுன்’ என்று குறித்து, பேச்சை எப்போதும் ‘ஸ்ஸு’ என்று முடிப்பவர். மரியாதைக்குரிய ‘தெஸ்’ என்பது தேய்ந்து உண்டான இம்முடிவு, விளையாட்டுக் குழுவிலோ வேலையிடத்திலோ இளையவர் மூத்தவரிடம் பேசுவது. பணிவும் உரிமையும் அதில் சமமாகக் கலந்திருக்கும். ஆங்கிலத்தில் இது இரண்டாகப் பிளந்துவிட்டது: மேலதிகாரியிடம் அவர் ‘சார்’ என்கிறார், மற்றவர்களைப் ‘பால்’ என்று தோழமையாக அழைக்கிறார். ஒரே காட்சியை முதலில் ஜப்பானியத்திலும் பிறகு ஆங்கிலத்திலும் ஆடி, எந்த இடத்தில் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டால், மொழிபெயர்ப்பாளரின் திறமையும் கைநழுவியதும் ஒருசேரத் தெரியும்.