கொடியா, வார்ப்பிரும்பா?

கார்ல் பிளாஸ்ஃபெல்ட் எடுத்த பூசணிக்கொடிப் படத்தைப் பார்ப்பவருக்கு அது கொடிதான் என்று பிடிபடச் சற்று நேரமாகும். சுருண்டு நிற்கும் பற்றுக்கம்பிகள், பழைய வீட்டு ஜன்னல் கிராதிக்காகக் கொல்லர் வளைத்துவைத்த இரும்பு போலவே இருக்கின்றன.

இந்த மயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 1865இல் ஜெர்மனியில் பிறந்த பிளாஸ்ஃபெல்ட், இளம் வயதில் வார்ப்பிரும்புப் பட்டறையில் தொழில் பழகியவர். பிறகு பெர்லினில் ஒரு கலைத்தொழில் பள்ளியில், செடிகளைப் பார்த்து உருவம் வனையக் கற்றுக்கொடுத்தார். அதுவும் முப்பது ஆண்டுகளுக்கு மேல்! பறித்துவந்த செடி வகுப்பு முடிவதற்குள் வாடிவிடும், படம் வாடாது. வகுப்புக்கான பாடப்பொருளாகத்தான் இந்தப் படங்கள் பிறந்தன.

கருவி எளியது: வீட்டிலேயே செய்துகொண்ட கேமரா, கண்ணாடித் தகடுகள், செடிக்குப் பின்னால் வெள்ளை அல்லது சாம்பல் நிற அட்டை, கண்ணை உறுத்தாத பகல் வெளிச்சம். சில படங்களில் செடி முப்பது மடங்கு வரை பெரிதாகிறது. பச்சை நிறம் கண்ணில் பட்டால் ‘இலைதானே’ என்று மனம் நகர்ந்துவிடும். கறுப்பு-வெள்ளைப் படம் அந்தப் பச்சையை எடுத்துவிட்டதால் கணுவும் நரம்பும் முடிச்சும் முன்னுக்கு வருகின்றன.

அவர் இயற்கையை அப்படியே படம்பிடித்தார் என்று சிலர் புகழ்வதுண்டு. அது பாதி உண்மை. படம் எடுக்குமுன் வேண்டாத இலைகளையும் கிளைகளையும் கத்தரித்துவிடுவார். அந்தக் கத்தரிப்பில்தான் அவருடைய கலை இருக்கிறது. லென்ஸ் வேலை அதற்கு அப்புறம்.

1928இல் 120 படங்களோடு ‘கலையின் மூல வடிவங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூல் வந்தது. ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் பாராட்டி மதிப்புரை எழுதினார். அறுபதைக் கடந்த வாத்தியாருக்கு அப்போதுதான் புகழ் வந்தது.

அமெரிக்காவின் இமோஜென் கன்னிங்ஹாம் 1925இல் எடுத்த மக்னோலியா மலர் வேறு ரகம். விரிந்த இதழ்கள் சட்டகத்தை நிறைக்கின்றன. வெள்ளைக்குள்ளேயே எத்தனை வெள்ளை! அந்தப் பூவைத் தொட்டால் கசங்கும். பிளாஸ்ஃபெல்டின் செடியைத் தட்டினால் ‘கணீர்’ என்று கேட்கும். மென்மை கன்னிங்ஹாமிடம் கூடுதல்தான். ஆனால் உருவத்தைப் பார்க்கக் கண்ணைப் பழக்குபவர் பெர்லின் வாத்தியார்.

ஒரு குறையும் உண்டு. 120 படங்களையும் ஒரே மூச்சில் புரட்டினால் அலுத்துவிடும். அதே அட்டை, அதே வெளிச்சம், நட்டநடுவே அதே நிமிர்ந்த தண்டு. ஒரு நேரத்துக்கு நாலைந்து போதும். தொடங்குவதற்கு, தலை சுருண்ட பெரணித் தளிர்கள் வரிசையாக நிற்கும் படம் நல்லது.