அல்பாவுக்கு அப்பால்: லீ குரோன்பாக்கின் அளவீட்டுச் சிந்தனை

கல்வியியல், உளவியல், முகாமைத்துவம் ஆகிய துறைகளில் எமது பல்கலைக்கழகங்களுக்குச் சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடுகளைப் புரட்டுவோர், ஆய்வு முறையியல் அத்தியாயத்தில் ஏறத்தாழ மாறாத ஒரு வாக்கியத்தைச் சந்திப்பர். வினாக்கொத்தின் நம்பகத்தன்மை குரோன்பாக் அல்பா மூலம் கணிக்கப்பட்டது, பெறுமானம் 0.7 இலும் அதிகம். ஆகவே கருவி நம்பகமானது. கணினி நொடிப்பொழுதில் தரும் அவ்வெண்ணோடு கருவியைப் பற்றிய விசாரணை முழுவதும் ஓய்ந்துவிடுகிறது. ஆனால் அவ்வெண்ணுக்குத் தம் பெயரைக் கடனளித்த மனிதரோ, விசாரணை அத்தகைய இடத்தில் ஓயலாகாது என்பதை எடுத்துரைப்பதிலேயே தமது ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். அவரது எழுத்துக்களைக் கால வரிசையில் நோக்குகையில் எமக்குப் புலப்பட்ட சிலவற்றை இங்கு முன்வைக்கிறோம்.

லீ ஜோசப் குரோன்பாக் 1916இல் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள பிரெஸ்னோ நகரிற் பிறந்தார். அளப்பவராக மாறுமுன் அவர் அளக்கப்பட்டவராக இருந்தார். சிறு பராயத்திலேயே ஸ்டான்போர்ட்-பினே சோதனைக்கு உட்படுத்தப்பட்டு, நுண்மதி ஈவு 200 எனக் கணிக்கப்பட்டு, லூயிஸ் டெர்மனின் புகழ்பெற்ற மீத்திறன் சிறார் ஆய்வில் சேர்க்கப்பட்டார். பதினெட்டு வயதிற் பட்டம்; பின்னர் உயர்நிலைப் பாடசாலையிற் கணிதமும் இரசாயனமும் கற்பித்தல்; 1940இல் சிக்காகோவில் கலாநிதிப் பட்டம். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் ஒலியுணர்கருவிப் பயிற்சிப் பாடசாலையிற் பணியாற்றியமை, சோதனைப் புள்ளி ஒன்று உண்மையான மனிதரைப் பற்றிய உண்மையான தீர்மானமாக மாறுவதை அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். 1948 முதல் இல்லினோயிலும் 1964 முதல் ஸ்டான்போர்டிலும் பேராசிரியராக விளங்கிய அவர் 1980இல் ஓய்வு பெற்றார்.

அவரை உலகறியச் செய்தது 1951இல் 'சைக்கோமெட்ரிக்கா' இதழில் வெளிவந்த கட்டுரை. அதன் பிரச்சினை எளியது. ஒரு சோதனையை மாணவருக்கு ஒரே ஒரு முறை கொடுத்துவிட்டு, அதன் பெறுபேறு எவ்வளவு நிலையானது என அறிவது எவ்வாறு? வினாக்களை இரு பாதிகளாகப் பிரித்து, ஒரு பாதியின் புள்ளியை மறுபாதியின் புள்ளியுடன் ஒப்பிடுவது அன்றைய வழக்கம். ஆனால் ஒற்றை எண், இரட்டை எண் எனப் பிரித்தால் ஒரு விடையும் வேறு விதமாகப் பிரித்தால் வேறு விடையும் கிடைத்தன. சாத்தியமான எல்லாப் பிரிப்புகளின் சராசரியாக அமைவதே அல்பா என்பதைக் குரோன்பாக் காட்டினார். சூத்திரம் புதியதன்று. குடர்-ரிச்சர்ட்சன் இருவரின் 1937ஆம் ஆண்டுச் சமன்பாடு அதன் சிறப்பு வடிவம். ஹொய்ட் 1941இலும் கட்மன் 1945இலும் வேறு வழிகளால் அதனையே வந்தடைந்திருந்தனர். குரோன்பாக்கின் பங்களிப்பு அச்சூத்திரத்தின் பொருளை விளக்கியமையே. தொடர்ந்து வேறு குணகங்களும் வரும் என எண்ணியே கிரேக்க அரிச்சுவடியின் முதலெழுத்தை அதற்குச் சூட்டினார். அவர் எதிர்பார்த்த வரிசை முதலெழுத்தோடு நின்றுபோயிற்று.

இவ்வெண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைச் சற்று நின்று நோக்குதல் தகும். இருபது வினாக்கள் கொண்ட ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு வினாவுக்கும் மற்றொன்றுக்கும் இடையிலான சராசரி இணைபு வெறும் 0.1 எனின், அல்பா ஏறத்தாழ 0.69 ஆகும். அதே தரத்து வினாக்களையே அறுபதாகப் பெருக்கினால் அது 0.87 ஆக உயர்ந்துவிடும். வினாக்களின் தரம் அணுவளவும் உயரவில்லை. எண்ணிக்கை மட்டுமே உயர்ந்தது. ஒரே வினாவைச் சொல் மாற்றிப் பத்து முறை கேட்டாலும் அல்பா வானளாவ உயரும். ஆகவே உயர்ந்த அல்பா, கருவி ஒரே பண்பை அளக்கிறது என்பதற்குச் சான்றாகாது; அளக்க விரும்பியதை அளக்கிறது என்பதற்கோ அறவே சான்றாகாது. மந்திரம் போல் ஓதப்படும் அந்த 0.7 குரோன்பாக் வகுத்த எல்லையுமன்று. ஜம் நனலியின் 1978ஆம் ஆண்டுப் பாடநூலை மேற்கோள்காட்டி ஆய்வாளர் கையாளும் எல்லை அது. அந்நூலோ ஆய்வின் ஆரம்ப கட்டத்துக்கே அதனைப் போதுமெனக் கொள்கிறது. தனி மனிதரைப் பற்றித் தீர்மானிக்கும் சோதனைகளுக்கு 0.90 உம் குறைந்தபட்சமே என்கிறது. முதற்பாதி மேற்கோளாகிறது, மறுபாதியை எவரும் பொருட்படுத்துவதில்லை.

எமது நோக்கில், குரோன்பாக்கின் மிக ஆழமான பணி அல்பா அன்று. 1955இல் போல் மீலுடன் இணைந்து எழுதிய கருத்தமைவு ஏற்புடைமை பற்றிய கட்டுரையே அது. பதகளிப்பு, நுண்மதி, ஊக்கம் என்பன கண்ணாற் காணவியலாதவை. அவற்றை அளப்பதாகக் கூறும் சோதனையைச் சரிபார்க்க வெளியே தயாரான ஓர் உரைகல் கிடையாது. எனவே அப்பண்பு எவற்றுடன் தொடர்புறும், எவற்றுடன் தொடர்புறாது எனும் கோட்பாட்டை முதலில் வகுத்து, சான்றுகள் அதற்கு இணங்குகின்றனவா எனப் பார்க்கவேண்டும் என்றனர் இருவரும். 1971இல் எழுதிய மற்றோர் அத்தியாயத்தில் குரோன்பாக் மேலும் தெளிவாக, ஏற்புடைமை சோதனைக்கு உரியதன்று, அதன் புள்ளிக்கு நாம் அளிக்கும் வியாக்கியானத்துக்கே உரியது என நிறுவினார். நீண்ட வசனங்களில் அமைந்த கணக்குகளைக் கொண்ட ஒரு வினாத்தாளை எண்ணிப் பார்க்கலாம். தாய்மொழியில் அதனை எழுதும் பிள்ளையின் புள்ளி கணித அறிவைக் காட்டக்கூடும். பிறமொழியில் எழுதும் பிள்ளையிடம் அதே தாள் வாசிப்புத் திறனையே அளந்திருக்கக்கூடும். தாள் ஒன்று, அல்பாவும் ஒன்றாகவே இருக்கலாம். வியாக்கியானம் மட்டும் ஒரு பிள்ளைக்குப் பொருந்தி, மற்றதற்கு அநீதியாகிவிடுகிறது.

1955ஆம் ஆண்டுக் கட்டுரை குறையற்றதன்று. விதிகளின் வலையமைப்பு என்று அது பேசியது பௌதிகவியலுக்குத் தகும். உளவியலிடம் அத்தகைய விதிகள் அன்றும் இருக்கவில்லை. இக்குறையை முதலிற் சுட்டவேண்டிய தேவை எமக்கில்லை. முதிராத தமது துறைக்குப் புலனறிவாத மெய்யியலின் ஆடையை உடுத்தியமை பாசாங்கே என்று 1989இல் குரோன்பாக்கே ஒப்புக்கொண்டுவிட்டார்.

அல்பாவின் போதாமையை அவர் விரைவிலேயே உணர்ந்தார் என்பதற்கு 1972இல் கிளேசர், நந்தா, ராஜரத்தினம் ஆகியோருடன் வெளியிட்ட பெருநூல் சான்று. (நாகேஸ்வரி ராஜரத்தினம் என அட்டையிற் காணும் பெயர் தமிழ் வாசகரை ஒரு கணம் நிறுத்தவே செய்யும்.) ஒரு மாணவரின் கட்டுரைப் புள்ளி திருத்தும் ஆசிரியருக்கேற்ப மாறலாம், தலைப்புக்கேற்ப மாறலாம், எழுதிய நாளுக்கேற்பவும் மாறலாம். பழைய கோட்பாடு இவையனைத்தையும் 'வழு' எனும் ஒரே மூட்டையிற் கட்டிவிடும். பொதுமையாக்கக் கோட்பாடு என அறியப்படும் இப்புதிய முறை மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொன்றின் பங்கையும் தனித்தனியே கணித்தது. தலைப்பு மாறுவதாலேயே பெரும் வேறுபாடு எழுகிறதெனின், மூன்றாம் ஆசிரியர் ஒருவரைக் கொண்டு திருத்துவிப்பதாற் பயன் சொற்பமே, தலைப்புகளைக் கூட்டவேண்டும். பரீட்சை நடத்துவோர்க்கு இதனினும் பயனுள்ள அறிவு யாது? ஆயினும் நூலின் நடை கடினமானது, குறியீடுகள் மிகுந்தது, பயின்றோர் சிலரே. இதற்கான பொறுப்பில் ஒரு பங்கு ஆசிரியர்களையே சாரும்.

1957இல் அமெரிக்க உளவியற் சங்கத்தின் தலைமையுரையில், பரிசோதனையாளரும் தனியாள் வேறுபாட்டை ஆய்வோரும் இரு முகாம்களாகப் பிரிந்து நிற்பதைச் சாடி, எந்த மாணவருக்கு எந்தக் கற்பித்தல் முறை பொருந்தும் என ஒருங்கே ஆராயுமாறு அழைத்தார். அழைத்ததோடு நில்லாமல் இரு தசாப்தங்கள் தாமே உழைத்தார். 1977இல் ரிச்சர்ட் ஸ்னோவுடன் வெளியிட்ட நூலில், இறுக்கமாக ஒழுங்குபடுத்தப்பட்ட போதனை ஆற்றல் குறைந்தோர்க்கும், சுயமுயற்சிக்கு இடமளிக்கும் போதனை ஆற்றல் மிக்கோர்க்கும் பெரும்பாலும் உதவுகிறது என்பது போன்ற சில போக்குகள் தேறின. உறுதியான விதிகள் தேறவில்லை. 1975இலேயே அவர் வெளிப்படையாகப் பின்வாங்கியிருந்தார். ஒரு காரணியை மற்றொன்று மாற்ற, அதனை வேறொன்று மாற்ற, ஆய்வாளர் எதிரெதிர்க் கண்ணாடிகளின் நடுவே நிற்பதாக உணர்ந்த அவர், கல்வியிற் கண்டறியப்படும் பொதுமைகள் காலத்தால் தேய்பவை என்றும் ஒவ்வொரு சூழலையும் அதனதன் இடத்தில் வைத்தே நோக்கவேண்டும் என்றும் எழுதினார். தாம் தலைமையேற்ற திட்டத்தின் தோல்வியைத் தாமே அறிக்கையிடும் அறிஞர் எத்துறையிலும் அரியர்.

அவரோடு நாம் உடன்பட மறுக்கும் இடம் ஒன்றுண்டு. நுண்மதி பரம்பரை வழிப்பட்டதா எனும் சர்ச்சையை ஆர்தர் ஜென்சன் 1969இல் 'ஹார்வர்ட் கல்வி மீளாய்வு' இதழில் மீண்டும் கிளப்பியபோது, பதிலெழுதியோருள் குரோன்பாக்கும் ஒருவர். 1975இல், சோதனைகள் பற்றிய ஐந்து தசாப்தப் பொதுச் சர்ச்சைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரையும் வரைந்தார். 1922இல் ஊடகவியலாளர் வோல்டர் லிப்மன் டெர்மனுடன் பொருதிய வரலாறும் அதில் இடம்பெறுகிறது. புலமையாளர் பொதுமக்களிடம் பேசுகையிற் கைக்கொள்ள வேண்டிய அவதானத்தை அவர் வலியுறுத்துவது சரியே. ஆனால் பிரச்சினை பேசும் விதத்தில் மட்டுமா இருந்தது? பிள்ளையொன்றின் வருங்காலத்தை ஓர் எண்ணிற் கட்டிவைக்கும் நிறுவன ஏற்பாட்டை அக்கட்டுரை அதே கூர்மையுடன் விசாரித்திருக்கலாம். 200 எனும் எண்ணால் உயர்த்தப்பட்ட பிள்ளை அவர். 80 எனும் எண்ணால் ஒதுக்கப்பட்ட பிள்ளையின் தரப்பு அப்பக்கங்களில் உரத்து ஒலிக்கவில்லை.

2001 அல்பா கட்டுரையின் பொன்விழா ஆண்டு. அதனையொட்டி, நோயுற்றிருந்த நிலையிலும் குரோன்பாக் இறுதியாக ஒரு கட்டுரையில் ஈடுபட்டார். அவ்வாண்டு ஒக்டோபர் முதலாந் தேதி அவர் காலமானார். ரிச்சர்ட் ஷவல்சன் அதனைச் செப்பனிட்டு 2004இல் வெளியிட்டார். பிறர் முன்னரே கண்ட சூத்திரத்துக்குத் தம் பெயர் சூட்டப்பட்டமை தமக்குச் சங்கடமே என அதில் அவர் கூறுகிறார். நம்பகத்தன்மையை ஆராய அல்பா செப்பமற்ற கருவி என்கிறார். குணகத்தை விட அளவீட்டின் நியம வழுவை அறிவிப்பதே முதன்மையானது என்பது அவரது இறுதி நிலைப்பாடு. நியம விலகல் 15 உம் நம்பகத்தன்மை 0.91 உம் கொண்ட சிறந்த சோதனையிலும் அவ்வழு 4.5 புள்ளி. இரு பிள்ளைகளின் புள்ளிகளை ஒப்பிடுகையில் அது 6.4 ஆகப் பெருகும். நூறு பெற்ற பிள்ளையும் நூற்றைந்து பெற்ற பிள்ளையும் உண்மையில் வேறுபட்டவர்களா என்பதை அச்சோதனையாற் சொல்ல இயலாது. 0.91 என்று மட்டும் அச்சிடும் பக்கத்தில் இச்செய்தி வாசகருக்குக் கிட்டுவதில்லை.