சாமை குத்தும் கை

கொல்லிமலைச் சாமைச் சோற்றின் ருசியைப் புகழ்பவர்கள் அதை அரிசியாக்கும் கையை மறந்துவிடுகிறார்கள். கடுகு போன்ற மணி. வழுவழுப்பான உமி அதை இறுகப் பற்றியிருக்கும். உலக்கை ஓங்கி விழுந்தால் நொய்யாகும், தயங்கி விழுந்தால் உமி கழலாது. நடுவிலுள்ள அந்த நிதானத்தை மலையாளிப் பழங்குடிப் பெண்களின் மணிக்கட்டு அறியும். குத்து, புடை, மறுபடி குத்து. முறம் சரசரக்க உமி முன்னே பறக்கும், அரிசி பின்னே ஒதுங்கும். இதை வெறும் உடலுழைப்பு என்பது பார்க்கத் தெரியாத பேச்சு.

தோள் கடுக்கும் வேலையை ரசிக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் அரவை இயந்திரங்கள் மலையேறியதில் பாரம் குறைந்தது, நல்லதே. ஆனாலும் இயந்திர அரிசியில் தங்கிய உமியையும் கல்லையும் பிரிக்க அதே முறமும் அதே மணிக்கட்டும்தான் வேண்டும்.