இமை மேல் ஒரு கோடு

சியோலின் அப்குஜோங் பகுதியில் அழகு அறுவை மருத்துவமனைகள் அடுக்குமாடிக்கு அடுக்குமாடி இருக்கின்றன. நவம்பரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு முடிந்ததும், தேர்வு நுழைவுச் சீட்டைக் காட்டும் மாணவர்களுக்குத் தள்ளுபடி உண்டு. அவர்களில் பலர் கேட்டு வருவது, மேல் இமையில் மடிப்பு உண்டாக்கும் இரட்டை இமை அறுவையை. செலவைப் பெற்றோரே பரிசாக ஏற்பதும் அங்கே சகஜம்.

வெள்ளைக்காரர் சாயலுக்கு ஏங்குகிறார்கள் என்று ஒரே வரியில் இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் கிழக்காசியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அந்த மடிப்பு பிறவியிலேயே இருக்கிறது. இந்த அறுவையை முதலில் எழுதிவைத்தவர் மிகாமோ என்ற ஜப்பானிய மருத்துவர், ஆண்டு 1896. ஒரு கண்ணில் மட்டும் மடிப்பில்லாத பெண்ணுக்கு இரண்டையும் ஒத்துப்போகச் செய்ததுதான் அவர் வேலை. அதற்காக அந்தக் குற்றச்சாட்டு முழுப் பொய்யுமல்ல. கொரியப் போருக்குப் பின் அங்கே பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் டேவிட் ரால்ஃப் மில்லார்ட் 1955இல் எழுதிய கட்டுரையில், அமெரிக்கர்கள் தன்னை நம்ப வேண்டும் என்பதற்காகக் கண்ணை மாற்றிக்கொள்ள வந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வருகிறார். இன்று கிம் கோ-உன் போன்ற, மடிப்பில்லாத ஒற்றை இமை கொண்ட நடிகைகள் முன்னணியில் இருந்தும், விளம்பரங்களில் ஒற்றை இமைக்கு இடம் பெரும்பாலும் 'முன்' படத்தில்தான்.

என் குறை அறுவையின் மேல் அல்ல, அது விற்கப்படும் விதத்தின் மேல். செய்முறை அடக்கமானது. கண்ணைத் திறக்கும் தசையின் நார்கள் இமைத் தோலோடு ஒட்டியிருந்தால் மடிப்பு விழும், ஒட்டாவிட்டால் விழாது. அந்த ஒட்டைச் செயற்கையாக உண்டாக்குகிறார்கள். நூல் முறையில், நுண்துளைகள் வழியே நைலான் நூலைக் கோத்து முடிச்சைத் தோலுக்கடியில் புதைப்பார்கள். அரை மணி நேர வேலை. இமை தடித்தவர்களுக்கு வெட்டு முறை: குறுக்கே கீறி, தேவைக்கேற்பத் தோலும் கொழுப்பும் நீக்கித் தைப்பார்கள்.

அறுவையின் நடுவில் மருத்துவர் கண்ணைத் திறந்து மூடச் சொல்வார். சிலர் உட்காரவைத்தும் பார்ப்பார்கள். படுத்திருக்கையில் சரியாகத் தெரிந்த கோடு, நிமிர்ந்ததும் ஒரு பக்கம் ஏறியிருக்கும். மரத்துப்போகப் போட்ட ஊசியே இமையை வீங்கவைப்பதால், மில்லிமீட்டர் கணக்கை அந்த வீக்கத்தின் மேல்தான் போட வேண்டும். இரு கண்ணும் அச்சில் வார்த்ததுபோல் வரும் என்று யார் உறுதி சொன்னாலும் நம்ப வேண்டாம். பிறவிக் கண்களே அப்படி இருப்பதில்லை.

அடுத்த சில மாதங்களை விளம்பரம் காட்டுவதில்லை. முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் உச்சத்தில் இருக்கும். ரத்தக்கட்டு வடிய இரண்டு வாரம் ஆகலாம். மடிப்பு உருண்டு தடித்து நிற்கும் கோலத்தைக் கொரிய இளைஞர்கள் 'சாசேஜ்' என்று கிண்டலடிப்பார்கள். உண்மையான வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம், வெட்டு முறையில் சில சமயம் ஓராண்டு. முதல் மாதத்தில் கண்ணாடி முன் அழுவதும், உடனே மறு அறுவைக்கு அலைவதும் இந்தக் காலக்கணக்கைச் சொல்லாததன் விளைவு.

நூல் முறையை 'வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்' என்று விற்கிறார்கள். பாதி உண்மை. தொடக்கத்தில் நூலைப் பிரிக்கலாம். நாளானால் வடு பிடித்துக்கொள்ளும். சிலருக்கோ தானே தளர்ந்து மடிப்பு மறைந்துவிடும். வெட்டிய தோலை ஒட்டவைக்க முடியாது. அளவு மீறி எடுத்தால் கண் முழுதாய் மூடாது, உலர்ந்து எரியும். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுவது மிக அரிது. ஆனால் பார்வையையே பறிக்கலாம். வீடு திரும்பியபின் கடும் வலியோ மங்கலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆலோசனை மேசையில் கூடவே திணிக்கப்படும் உள்முனைத் திறப்பு, அதாவது கண்ணின் மூக்கோர முனையைக் கீறி அகலமாக்குவது, இன்னொரு தொல்லை. மூக்கோரத்து வடு கண்ணைத் திறந்தாலும் மறையாது.

கத்தி யார் கையில் என்பதும் கேள்விதான். கொரியாவில் மருத்துவ உரிமம் பெற்ற எவரும் அழகு அறுவை செய்யலாம். அதற்கென நிபுணர் பட்டம் கட்டாயமில்லை. பேசிய மருத்துவர் ஒருவர், நோயாளி மயங்கியபின் அறுத்தவர் வேறொருவர் என்ற மோசடிகள் அம்பலமான பிறகு, அறுவை அறைகளில் கண்காணிப்புக் கேமரா வைக்கும் சட்டம் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நோயாளி நினைவிழந்திருக்கும் அறுவைகளுக்கே அது பொருந்தும். பதிவு செய்யும்படி நோயாளியோ குடும்பத்தாரோ கேட்கவும் வேண்டும். விழித்தபடி செய்துகொள்ளும் இமை அறுவைக்கு அது உதவாது. யார் செய்யப்போகிறார், அவர் படித்தது என்ன என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குவது பதினெட்டு வயதுப் பிள்ளையின் பொறுப்பாகவே இருக்கிறது.